போதும் என்று யார் சொல்வது?

கேள்வி கேட்ட சகோதரிக்கு மணமாகி ஏழு ஆண்டுகள் ஆகின்றன. சிங்கப்பூரின் செங்காங் வட்டாரத்தில், வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கட்டிய நாலறை வீட்டில் கணவர், அடுத்த ஆண்டு தொடக்கநிலை ஒன்றில் சேரவிருக்கும் மகன், மாமியார் ஆகியோருடன் வாழ்கிறார்; கணவன் மனைவி இருவரும் முழுநேர வேலை பார்க்கிறார்கள். சென்ற ஆண்டு அவருடைய இரண்டாவது கரு கலைந்துவிட்டது. சற்றுப் பெரிய வீட்டுக்கு மாறலாமா என்று கேட்டாலும், வீட்டு வேலைகளில் கை கொடுங்கள் என்று சொன்னாலும், இழந்த பிள்ளையை நினைத்துக் கண்கலங்கினாலும், கணவர் ஒரே வசனத்தைத்தான் எடுக்கிறாராம்: எந்த நிலைமையிலும் மனரம்மியமாயிருக்க, அதாவது மனநிறைவோடிருக்க, கற்றுக்கொள்ள வேண்டும். அவர் சொல்வது சரிதானா, குறைபட்டுக்கொள்ளும் தமக்கு விசுவாசம் போதவில்லையா என்று சகோதரி கேட்கிறார்.

இங்குள்ள தமிழ்ச் சபையொன்றில் திருமண ஆயத்த வகுப்புகளைப் பல ஆண்டுகளாக நடத்திவருகிறேன். இதே வசனம் இதே விதமாகப் பயன்படுத்தப்படுவதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். சுருக்கமாகச் சொன்னால், உங்கள் கணவர் எடுக்கும் வசனம் சரியானது, அதை அவர் திருப்பிவிடும் திசை தவறானது. பந்தியில் ‘போதும்’ என்று சொல்ல வேண்டியவர் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவர். பரிமாறுகிறவர் அதைச் சொன்னால் அதற்கு உபசாரம் என்று யாரும் பெயர் வைப்பதில்லை. வேதாகமத்தில் மனநிறைவைப் பற்றிப் பேசும் இடங்களை எடுத்து வாசித்தால், அது ஒருவர் தம்மைக் குறித்துத் தாமே கற்றுக்கொள்ளும் ஒன்றாகவே வருகிறது. அடுத்தவருடைய தேவையை வாயடைக்கும் கட்டளையாக அது எங்கும் வருவதில்லை. இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

பிலிப்பியர் நான்காம் அதிகாரத்திலிருந்து தொடங்குவோம். பவுல் அந்தக் கடிதத்தைக் கட்டப்பட்ட நிலையில், காவலில் இருந்துகொண்டு எழுதுகிறார். பிலிப்பி பட்டணத்துச் சபையார் எப்பாப்பிரோதீத்து என்பவர் கையில் அவருக்கு உதவி அனுப்பியிருக்கிறார்கள், அதற்கு நன்றி சொல்லும் பகுதியில்தான் அந்தப் புகழ்பெற்ற வரி வருகிறது: “நான் எந்த நிலைமையிலிருந்தாலும் மனரம்மியமாயிருக்கக் கற்றுக்கொண்டேன்.” இதில் கவனிக்க வேண்டியவை இரண்டு. அவர் ‘நான்’ என்று தன்மையில் பேசுகிறார்; ‘கற்றுக்கொண்டேன்’ என்று சொல்வதால் அது பிறவிக் குணமாகவோ ஒரே நாளில் வந்த வரமாகவோ அவருக்கு அமையவில்லை என்பதும் தெரிகிறது. தாழ்ந்திருக்கவும் வாழ்ந்திருக்கவும், திருப்தியாயிருக்கவும் பட்டினியாயிருக்கவும் தமக்குப் போதிக்கப்பட்டது என்கிறார். அந்தக் காலத்து ஸ்தோயிக்கர் என்ற தத்துவஞானிகளும் யாருடைய உதவியும் வேண்டாத தன்னிறைவை உயர்த்திப் பேசினார்கள். ஆனால் பவுல் அவர்களிடமிருந்து விலகி, என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையும் செய்ய எனக்குப் பெலனுண்டு என்கிறார். (தொடக்கநிலைப் படிப்பின் இறுதியில் எழுதும் பிஎஸ்எல்இ தேர்வுக் காலத்தில் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டப்படும் அதே வசனம்தான். அது மதிப்பெண்ணைப் பற்றிப் பேசவில்லை, பட்டினியைத் தாங்கும் பலத்தைப் பற்றிப் பேசுகிறது என்பதைப் பிள்ளைகளிடம் சொல்லிவைப்பது நல்லது.)

கணவர் அநேகமாக வாசிக்காமல் விட்டது அதற்கு அடுத்த வசனம். தாம் மனநிறைவோடு இருப்பதாகச் சொன்ன கையோடு, ஆனாலும் என் உபத்திரவத்தில் நீங்கள் என்னோடு பங்குகொண்டது நல்லது என்கிறார் பவுல். எனக்கு ஒன்றும் தேவையில்லை, நீங்கள் ஏன் அனுப்பினீர்கள் என்று அவர் கேட்கவில்லை. மனநிறைவு இருக்கிறவருக்கும் உதவி தேவைப்படுகிறது. அந்த உதவியைச் செய்கிறவர்கள் பாராட்டப்படுகிறார்கள். உங்கள் வீட்டுக்குப் பொருத்திப் பார்த்தால், நீங்கள் மனரம்மியமாக இருப்பது ஒன்று, உங்கள் கணவர் பாத்திரம் கழுவுவது வேறொன்று. முன்னது நடந்துவிட்டால் பின்னது தேவையில்லை என்று எந்த வசனமும் சொல்லவில்லை.

இதே பவுல் அடுத்தவருடைய பசியைப் பார்த்தபோது என்ன செய்தார் என்பதும் முக்கியம். எருசலேமில் வறுமையில் இருந்த விசுவாசிகளுக்காக மக்கெதோனியா, அகாயா நாட்டுச் சபைகளில் அவர் காணிக்கை திரட்டினார். இரண்டாம் கொரிந்தியரில் எட்டாம் ஒன்பதாம் அதிகாரங்கள் முழுவதும் அதைப் பற்றியவைதான். பட்டினியைத் தாங்கக் கற்றவர், எருசலேமில் இருந்தவர்களுக்கு ‘மனரம்மியமாயிருங்கள்’ என்று நிருபம் எழுதி அனுப்பவில்லை. ஊர் ஊராகப் போய்ப் பணம் கேட்டார். “சமநிலையிருக்கும்படியாகவே சொல்லுகிறேன்” என்று அதற்குக் காரணமும் சொன்னார். தம்முடைய குறைவைப் பொறுத்துக்கொள்வதும், பிறருடைய குறைவைப் பொறுக்காமல் இருப்பதும் ஒரே மனிதரிடத்தில் சேர்ந்திருந்தன. யாக்கோபு இன்னும் கூர்மையாகக் கேட்கிறார்: வஸ்திரமும் ஆகாரமும் இல்லாத சகோதரனையோ சகோதரியையோ பார்த்து, “நீங்கள் சமாதானத்தோடே போங்கள், குளிர்காய்ந்து பசியாறுங்கள்” என்று சொல்லிவிட்டு ஒன்றும் கொடுக்காவிட்டால் பிரயோஜனம் என்ன? களைத்துப்போன மனைவியிடம் வசனத்தை மட்டும் நீட்டுகிற எந்தக் கணவரும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர்தான். களைத்துப்போன கணவனிடம் அதையே செய்யும் மனைவியும் அப்படியே.

எபிரெயர் பதின்மூன்றாம் அதிகாரத்தையும் பார்த்துவிடுவோம். திருமணமும் மனநிறைவும் அடுத்தடுத்த வசனங்களில் நிற்பது அங்கேதான். நான்காம் வசனம் விவாகம் யாவருக்குள்ளும் கனமுள்ளதாயிருப்பதாக என்கிறது. ஐந்தாம் வசனம் பண ஆசையில்லாமல் நடந்து, உங்களுக்கு இருக்கிறவைகள் போதுமென்று எண்ணுங்கள் என்கிறது. அந்தப் போதுமென்ற எண்ணத்துக்குச் சொல்லப்படும் காரணம் சிக்கனமோ, ஆசையே துன்பத்துக்குக் காரணம் என்பது போன்ற ஒரு கொள்கையோ அல்ல: “நான் உன்னைவிட்டு விலகுவதுமில்லை, உன்னைக் கைவிடுவதுமில்லை என்று அவர் சொல்லியிருக்கிறாரே.” கைவிடாத ஒருவர் இருக்கிறார் என்ற உறுதியிலிருந்துதான் கிறிஸ்தவ மனநிறைவு பிறக்கிறது. அப்படியானால் ஒரு வீட்டில் அதை வளர்க்க விரும்புகிறவர் முதலில் செய்ய வேண்டியது, தம் துணைவருக்கு அந்த உறுதியைத் தம் நடத்தையால் கொஞ்சமாவது காட்டுவதுதான். குறை சொல்லத் தொடங்கியதும் பேச்சை முடித்துவிடும் கணவரிடம் மனைவி கற்றுக்கொள்வது மனரம்மியத்தை அல்ல. தனியாகச் சமாளிக்கும் பழக்கத்தைத்தான் அவர் கற்றுக்கொள்கிறார். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும்.

இனி, நீங்கள் சொன்ன மூன்று காரியங்களையும் தனித்தனியாக எடுத்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் அவை ஒரே வகையைச் சேர்ந்தவை அல்ல. ஒரே மருந்தை மூன்றுக்கும் கொடுத்ததுதான் உங்கள் கணவர் செய்த பிழை என்பேன்.

வீட்டு ஆசையில் அவர் பக்கம் ஓரளவு நியாயம் இருக்கிறது. சிங்கப்பூரில் வீடு என்பது தங்கும் இடம் மட்டுமல்ல, சேமிப்பு, அந்தஸ்து, ஓய்வுக்காலத் திட்டம் எல்லாமே அதற்குள் அடங்கியிருக்கிறது. பிடிஓ எனப்படும், முன்பதிவுக்குப் பின் கட்டித்தரப்படும் வீவக வீட்டில் ஐந்து ஆண்டுகள் குடியிருந்து, விற்பதற்கான தகுதி வந்ததும், அதே ஆண்டில் சாவி வாங்கிய நண்பர்கள் ஒவ்வொருவராக ஐந்தறை வீட்டுக்கோ கொண்டோவுக்கோ மாறுவதைப் பார்க்கும்போது, நேற்றுவரை போதுமாக இருந்த சமையலறை இன்று திடீரெனச் சுருங்கிவிடுகிறது. யாத்திராகமத்தில் பத்துக் கட்டளைகளில் கடைசியான பத்தாம் கற்பனை, பிறனுடைய வீட்டை இச்சியாதிருப்பாயாக என்று வீட்டில் தொடங்கி அதன் பிறகுதான் மற்றவற்றுக்குப் போகிறது; உபாகமத்தில் அந்த வரிசை மாறி மனைவி முதலில் வருகிறாள். நம் ஊர்க்காரர்களுக்கு யாத்திராகமத்து வரிசைதான் பொருத்தம் என்று வகுப்பில் நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. 1961ஆம் ஆண்டு புக்கிட் ஹோ சுவீயில் தீ பரவி ஆயிரக்கணக்கானோர் வீடிழந்தபோது, வீவக அவசரமாகக் கட்டிக்கொடுத்த சிறிய அடுக்குமாடி வீடுகளில் குடியேறியவர்களுக்குக் குழாயில் தண்ணீர் வந்ததே வாழ்வின் உயர்வாக இருந்தது. போதும் என்பதன் அளவு பக்கத்து வீட்டைப் பார்த்தே நகர்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

ஆனாலும் பெரிய வீடு வேண்டும் என்று நினைப்பதே பாவம் என்று நான் சொல்லமாட்டேன். மாமியார் கூடத்து மெத்தை நாற்காலியில் படுக்கிறாரா, மகனுக்குப் படிக்க மேசை போட இடமில்லையா, அல்லது தோழியின் வரவேற்பறை கண்ணை விட்டு அகலவில்லையா என்று உங்களை நீங்களே கேட்டுப் பாருங்கள். முதல் இரண்டும் தேவைகள், மூன்றாவதற்குத்தான் பத்தாம் கற்பனை. தேவைதான் என்று தெளிவானால் அடுத்து வருவது கணக்கு. கோபுரம் கட்ட விரும்புகிறவன் முன்பு உட்கார்ந்து செல்லுஞ்செலவைக் கணக்குப் பார்ப்பான் என்று இயேசுவே சொல்லியிருக்கிறார். வீட்டை விற்றால், அதற்காக உங்கள் ஓய்வுக்காலச் சேமிப்பான மத்திய சேம நிதியிலிருந்து எடுத்த தொகையை, அது அங்கேயே இருந்திருந்தால் ஈட்டியிருக்கும் 2.5 விழுக்காட்டு வட்டியோடு சேர்த்து, உங்கள் இருவரின் கணக்குகளிலும் திருப்பிப் போட வேண்டும். ஆகவே விற்ற விலையைப் பார்த்து மனக்கோட்டை கட்டக் கூடாது; கையில் நிற்பது அதைவிடக் குறைவு. அடுத்த வீவக வீட்டுக்கான மாதத் தவணை உங்கள் இருவரின் மொத்த மாத வருமானத்தில் 30 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்ற வரம்பும் இருக்கிறது. மறுபக்கம், பெற்றோருடன் சேர்ந்து வாழ்வதற்காக மறுவிற்பனை வீடு வாங்கும் தகுதியுள்ள குடும்பங்களுக்கு, முன்பு அந்த மானியத்தைப் பெறாதவர்களாயின், 30,000 வெள்ளி கிடைக்கிறது. மாமியார் உடனிருப்பதால் இது உங்களுக்குப் பொருந்துமா என்று விசாரித்துப் பார்க்கலாம். இவ்வளவையும் ஒரு தாளில் எழுதிப் பார்த்த பிறகு ‘வேண்டாம், இந்த வீடே போதும்’ என்று இருவரும் சேர்ந்து சொன்னால் அது மனநிறைவு. தாளை எடுக்கவே விடாமல் ஒருவர் சொல்வதற்கு அந்தப் பெயர் பொருந்தாது. வருத்தத்தோடு இரண்டு கைப்பிடி நிறைய வைத்திருப்பதைவிட அமைச்சலோடு ஒரு கைப்பிடி நலம் என்கிற பிரசங்கியும் இரண்டையும் எடைபோட்டுத்தான் அந்த முடிவுக்கு வருகிறார்.

வீட்டு வேலையைப் பொறுத்தவரை உங்கள் கணவர் பக்கம் நியாயமே இல்லை. இருவரும் வேலைக்குப் போய்வரும் வீட்டில், அலுவலகம் முடிந்து எம்ஆர்டியில் நின்றுகொண்டே வந்து, சமையல், துணி, மகனின் எழுத்துக்கூட்டல் பயிற்சி, மாமியாரின் மாத்திரை எல்லாவற்றையும் ஒருவர் தலையில் சுமத்திவிட்டு, அவர் முகம் வாடினால் விசுவாசக் குறைவு என்று சொல்வது நேர்மையாகாது. எபேசியர் ஐந்தாம் அதிகாரத்தை எல்லாரும் மனைவியர் கணவருக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்னும் இருபத்திரண்டாம் வசனத்திலிருந்து வாசிக்கிறார்கள்; அதற்கு முந்தைய வசனம், தெய்வபயத்தோடே ஒருவருக்கொருவர் கீழ்ப்படிந்திருங்கள் என்பது. அதைத் தொடரும் பகுதியிலும் மனைவியருக்குச் சொல்லப்பட்டதைவிடக் கணவருக்குச் சொல்லப்பட்டது நீளமானது, கடினமானது: கிறிஸ்து சபைக்காகத் தம்மையே ஒப்புக்கொடுத்ததுபோல அன்புகூர வேண்டும். உயிரையே கொடுக்கச் சொல்லப்பட்டவர் குப்பையைக் கொண்டுபோய்க் கொட்டுவதற்குத் தயங்குவது வேடிக்கையாக இருக்கிறது. கொலோசெயர் கணவரைப் பார்த்து, மனைவியர்மேல் கசந்துகொள்ளாதிருங்கள் என்கிறது. மனைவிக்கு உரிய கனத்தைக் கொடுத்து நடத்தாவிட்டால் உங்கள் ஜெபமே தடைபடும் என்கிற அளவுக்கு முதலாம் பேதுரு போகிறது.

நீதிமொழிகளின் கடைசி அதிகாரத்தில் வரும் குணசாலியான பெண்ணைச் சிலர் மனைவியருக்கான வேலைப் பட்டியலாகப் பயன்படுத்துவதுண்டு. இருட்டோடே எழுந்திருக்கிறாள் என்று சொல்லும் அதே வசனம் அவளுக்கு வேலைக்காரிகள் இருந்ததையும் சொல்கிறது என்பதை நினைவூட்டினால் போதும். அவள் கணவன் அவளைப் புகழுகிறான் என்பதும் அங்கேயே இருக்கிறது. வேலைக்காரிகள் என்றதும் ஒன்று தோன்றுகிறது: இந்தச் சிக்கலுக்கு இங்கே பலர் காணும் தீர்வு இல்லப் பணிப்பெண் ஒருவரை அமர்த்திக்கொள்வது. அதில் தவறில்லை, ஆனால் நம்முடைய இளைப்பாறுதலை இன்னொருவருடைய களைப்பின்மேல் கட்டக் கூடாது. உபாகமத்தின் ஓய்வுநாள் கற்பனை உன் வேலைக்காரனும் உன் வேலைக்காரியும் உன்னைப்போல இளைப்பாற வேண்டும் என்று பெயர் சொல்லியே கேட்கிறது. சிங்கப்பூர்ச் சட்டத்தில் 2013 முதல் பணிப்பெண்களுக்கு வார ஓய்வுநாள் உண்டு. 2023 முதல் மாதத்தில் ஓர் ஓய்வுநாளையாவது பணம் கொடுத்து ஈடுசெய்ய முடியாது. ஞாயிறு காலை நாம் ஆராதனையில் இருக்கும்போது அவர் வீட்டில் நம் விருந்தாளிகளுக்குச் சமைத்துக்கொண்டிருந்தால், அந்த ஆராதனையில் நாம் பாடும் பாட்டைக் குறித்து யோசிக்க வேண்டியிருக்கிறது.

மாமியாரைப் பற்றி நீங்கள் குறையாக ஒன்றும் எழுதவில்லை. ஆகவே நானும் அதிகம் எழுதவில்லை. தாயைப் பராமரிக்கும் பொறுப்பு மகனுக்குரியது, அதில் மருமகள் உதவுகிறவர், இந்த வரிசையை மாற்றிக்கொள்ளாதவரை நல்லது.

மூன்றாவது காரியத்துக்கு வருகிறேன். இதில்தான் உங்கள் கணவருக்கு அதிக உதவி தேவைப்படுகிறது என்று நினைக்கிறேன், ஏனெனில் அவர் கல்நெஞ்சராக இருப்பதால் அப்படிப் பேசுகிறார் என்று எனக்குத் தோன்றவில்லை. முதலாம் சாமுவேலின் முதல் அதிகாரத்தில் அவரைப் போன்ற ஒருவர் இருக்கிறார். எல்க்கானா நல்ல மனிதர். பிள்ளையில்லாத அன்னாளை நேசித்தார், பலிவிருந்தில் அவளுக்கு இரட்டைப் பங்கு கொடுத்தார். அவள் அழுது சாப்பிடாமல் இருந்தபோது, “ஏன் அழுகிறாய்? ஏன் சாப்பிடாதிருக்கிறாய்?” என்று கேட்டு, “பத்துப் பிள்ளைகளைப்பார்க்கிலும் நான் உனக்கு அதிகமல்லவா?” என்றும் கேட்டார். அன்பாகக் கேட்ட கேள்விதான். ஆனால் அதற்கு அன்னாள் பதில் சொன்னதாக வேதம் ஒன்றும் பதிவு செய்யவில்லை. அவளுடைய துக்கத்தை அவர் தம்மைப் பற்றிய கேள்வியாக மாற்றிவிட்டார்; இருப்பதை எண்ணிக் காட்டினால் இல்லாததன் வலி போய்விடும் என்று நம்பினார். ‘ஒரு மகன் இருக்கிறானே, அதற்கு நன்றி சொல்’ என்பதும் அதே பேச்சுதான்.

அன்னாள் செய்ததைப் பாருங்கள். எழுந்து ஆலயத்துக்குப் போய் மனங்கசந்து அழுதாள். உதடுகள் மட்டும் அசைவதைப் பார்த்த ஏலி என்ற ஆசாரியன் அவள் குடித்து வெறித்திருக்கிறாள் என்று நினைத்தான். கர்த்தருடைய சந்நிதியில் என் இருதயத்தை ஊற்றிவிட்டேன் என்று அவள் அவனுக்கு விளக்கினாள். அதன் பிறகு அவள் திரும்பிப் போய்ச் சாப்பிட்டாள், அவள் முகம் அப்புறம் துக்கமுகமாயிருக்கவில்லை என்கிறது வேதம். சாமுவேல் அப்போது பிறக்கவில்லை, கருவில்கூட இல்லை. அவளுக்கு வந்த அமைதி, கேட்டது கிடைத்ததால் வந்ததல்ல. அழுகையை விழுங்கியதாலும் வந்ததல்ல. முழுவதும் கொட்டித் தீர்த்த பிறகு வந்த மனநிறைவு அது. விசுவாசக் குறைவா என்று நீங்கள் கேட்டதற்கு என் பதில் இந்த அதிகாரத்தில் இருக்கிறது: அழுகை விசுவாசத்துக்கு எதிரி அல்ல, பல சமயங்களில் அதன் வழியாகவே விசுவாசம் நடக்கிறது. இழந்த பிள்ளைக்குப் பெயரில்லை, கல்லறையில்லை, சபையில் அறிவிப்பில்லை என்பதால் அந்தத் துக்கத்துக்குக் கணக்கும் இல்லை என்று ஆகிவிடாது. அழுகிறவர்களுடனே அழுங்கள் என்று ரோமருக்கு எழுதப்பட்டது வீட்டுக்குள்ளும் செல்லும். வேண்டுமானால் உங்கள் ஆயரிடம் சொல்லி, இருவருமாகச் சேர்ந்து அந்தப் பிள்ளைக்காக ஒரு சிறு ஜெபவேளையை வைத்துக்கொள்ளுங்கள். உறக்கமும் பசியும் மாதக்கணக்காகக் கெட்டிருந்தால் ஜெபத்தோடு நிறுத்தாமல் மருத்துவரையும் பாருங்கள். கேகே மகளிர், சிறார் மருத்துவமனை போன்ற இடங்களில் இதற்கென்றே பேசக்கூடிய மருத்துவச் சமூக ஊழியர்கள் இருக்கிறார்கள். கணவரும் தம்முடைய பிள்ளையை இழந்தவர்தான் என்பதையும் மறக்க வேண்டாம். வசனத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு துக்கத்தைத் தள்ளிப்போடும் ஆண்களைப் பார்த்திருக்கிறேன்; அவரிடம் யாரும் நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டிருக்கமாட்டார்கள்.

இவ்வளவு சொன்ன பிறகு, மனநிறைவையே ஓரமாக வைத்துவிடலாம் என்று எண்ணிவிடாதீர்கள். போதுமென்கிற மனதோடு கூடிய தேவபக்தி மிகுந்த ஆதாயம் என்று முதலாம் தீமோத்தேயு சொல்வது உண்மை. அது இல்லாத வீடு எவ்வளவு வந்தாலும் நிறையாது. பகையோடிருக்கும் கொழுத்த எருதின் கறியைவிடச் சிநேகத்தோடிருக்கும் இலைக்கறியே நல்லது என்ற நீதிமொழியை, கீரையும் குழம்பும் வைத்துச் சாப்பிடும் நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. திருமணத்தில் வாசிக்கப்படும் 128ஆம் சங்கீதமும், கனிதரும் திராட்சக்கொடி போன்ற மனைவி, பந்தியைச் சுற்றி ஒலிவமரக் கன்றுகள் போன்ற பிள்ளைகள் என்று சாப்பாட்டு நேரத்தைத்தான் ஆசீர்வாதத்தின் இடமாகக் காட்டுகிறது. திராட்சையோ ஒலிவமோ காய்க்காத இந்தத் தீவில், அலுவலகத்திலிருந்து எட்டு மணிக்கு வந்து கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே தனித்தனியாகச் சாப்பிடும் குடும்பங்களுக்கு அந்தப் பந்தி எங்கே கிடைக்கும் என்பதுதான் கேள்வி. அதிகாலையில் எழுந்து நேரப்பட வேலையில் தரித்து வருத்தத்தின் அப்பத்தைச் சாப்பிடுவது விருதா என்று அதற்கு முந்தைய சங்கீதம் சொல்வதைக் கேட்டால், அது நம் ராஃபிள்ஸ் பிளேஸ் அலுவலகங்களுக்காகவே எழுதப்பட்டதுபோல் இருக்கிறது. வாரத்தில் இரண்டு இரவுகளாவது கைப்பேசிகளை வேறு அறையில் வைத்துவிட்டு மூவரும் மாமியாருமாக ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுங்கள். குடும்ப ஜெபத்தை நீட்ட வேண்டாம். அன்று வீட்டில் மற்றவர் செய்த ஒரு காரியத்தைப் பெயர் சொல்லி ஒவ்வொருவரும் நன்றி கூறட்டும். ‘எல்லாவற்றுக்காகவும் ஸ்தோத்திரம்’ என்ற பொதுவான வரியைவிட, ‘அப்பா இன்று துணி மடித்ததற்காக ஸ்தோத்திரம்’ என்று உங்கள் மகன் சொல்வது வீட்டில் அதிகம் வேலை செய்யும். துணியை மடிக்க வைப்பதற்கும் அது ஒரு வழி.

வேதாகமத்தில் ஒரு தம்பதியை மாதிரியாகக் காட்டச் சொன்னால் நான் ஆக்கில்லாவையும் பிரிஸ்கில்லாவையும் காட்டுவேன். ஆக்கில்லா பொந்து தேசத்தில் பிறந்தவர். கிலவுதியு பேரரசன் யூதர்களை ரோமாபுரியிலிருந்து வெளியேற்றியபோது இருவரும் கொரிந்துக்கு வந்தார்கள், பிறகு எபேசுவுக்குப் போனார்கள். போன இடங்களில் சபை அவர்கள் வீட்டில் கூடியது. கூடாரம் செய்வது அவர்கள் தொழில். பவுல் அவர்களோடு தங்கி அதே வேலையைச் செய்தார். அப்பொல்லோ என்ற பிரசங்கியாருக்கு இருவரும் சேர்ந்தே உபதேசித்தார்கள். புதிய ஏற்பாட்டில் அவர்கள் பெயர் வரும் இடங்களிலெல்லாம் இரண்டு பெயர்களும் சேர்ந்தே வருகின்றன, சில இடங்களில் மனைவியின் பெயர் முன்னால் நிற்கிறது. சொந்த ஊர் இல்லை, நிலையான வீடு இல்லை, இருந்தும் வாசல் திறந்திருந்தது. தொழிலிலும் ஊழியத்திலும் இருவரும் ஒன்றாகக் கை போட்டதே அதற்குக் காரணம் என்று நான் வாசிக்கிறேன்.

உங்கள் கணவரைப் பற்றி நீங்கள் எழுதியதில் அப்படி எதுவும் இல்லை என்றாலும், இதை வாசிக்கும் வேறு யாருக்காவது தேவைப்படும் என்பதால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அடி, மிரட்டல், சூதாட்டத்தில் வீட்டுப் பணத்தை அழிப்பது, வேறொரு தொடர்பு இவற்றைப் பொறுத்துக்கொள்வதற்கு மனநிறைவு என்று யாராவது பெயர் சூட்டினால், அவர் ஆயராக இருந்தாலும், ஏற்றுக்கொள்ள வேண்டாம். பவுல் பட்டினியைப் பொறுத்தார். ஆனால் சவுக்கால் அடிக்கக் கட்டியபோது, தாம் ரோமக் குடிமகன் என்ற உரிமையைச் சொல்லித் தடுத்தார். சிங்கப்பூரில் குடும்ப வன்முறைக்கு ஆளானவர் மாதர் சாசனம் என்ற சட்டத்தின்கீழ் தனிநபர் பாதுகாப்பு ஆணைக்கு நீதிமன்றத்தில் விண்ணப்பிக்கலாம். 1800-777-0000 என்ற தேசிய உதவி எண் 24 மணி நேரமும் இயங்குகிறது. அதே மாதர் சாசனம், திருமண உறவின் நலனைக் காப்பதிலும் பிள்ளைகளைப் பராமரிப்பதிலும் கணவனும் மனைவியும் ஒருவரோடொருவர் ஒத்துழைக்கக் கடமைப்பட்டவர்கள் என்று சொல்கிறது. சட்டமே இருவர்மேலும் வைத்த பாரத்தை, வேதத்தின் பெயரால் ஒருவர்மேல் மாற்றிவைக்க முடியாது.

கணவரிடம் இதையெல்லாம் எப்படிப் பேசுவது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். மூன்றையும் ஒரே இரவில் பேசாதீர்கள். முதலில் பிள்ளையைப் பற்றிப் பேசுங்கள், அதுவும் உங்கள் வலியிலிருந்து தொடங்காமல், உங்களுக்கு அது எப்படி இருந்தது என்று அவரைக் கேட்டுத் தொடங்குங்கள். வீட்டு வேலையைப் பற்றிப் பேசும்போது எல்லாவற்றிலும் உதவுங்கள் என்று பொதுவாகச் சொன்னால் ஒன்றும் நடக்காது. மாமியாரின் மருத்துவமனைச் சந்திப்புகளும் இரவுப் பாத்திரங்களும் உங்களுடையவை என்று பெயர் சொல்லி ஒப்படைத்துவிடுங்கள், அவர் செய்யும் விதத்தில் குறை கண்டுபிடிக்காதீர்கள். வீட்டுக் கணக்கைக் கடைசிக்கு வைத்து, சம்பளச் சீட்டுகளையும் மத்திய சேம நிதி அறிக்கையையும் மேசையில் பரப்பிக்கொண்டு இருவருமாக உட்காருங்கள். அப்போதும் அவர் மனரம்மிய வசனத்தை எடுத்தால் மறுத்துப் பேச வேண்டாம். பிலிப்பியர் நான்காம் அதிகாரத்தை அடுத்த வசனத்தையும் சேர்த்து அவரையே சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள்.